பனித்துளி எந்த இலையில் இருந்தது?

நீங்கள் கேட்டதை என் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தொடங்குகிறேன். வேலைக்காக ஜப்பானின் சைத்தாமாவுக்கு வந்து இது உங்களுக்கு முதல் செப்டம்பர். காலையில் ஆற்றங்கரையில் நடக்கும்போது புல்லெல்லாம் பனி. அதை வைத்து ஹைக்கூ எழுத ஆசை. பத்துப் பன்னிரண்டு எழுதியும்விட்டீர்கள். எண்ணிக்கை பிசகவில்லை, ஆனால் எல்லாம் வாழ்த்து அட்டை வாசகம் போல இருக்கிறது என்கிறீர்கள். மாதிரிக்கு ஒன்றும் தந்திருக்கிறீர்கள்: “புல்லின் மேல் முத்து / வெயில் வந்ததும் போகும் / வாழ்வும் இதுதான்.” மெய்யெழுத்தை விட்டு எண்ணினால், ஹைக்கூவுக்குச் சொல்லும் 5-7-5 கச்சிதமாக வருகிறது. எண்ணிக்கை சரி, பிறகு எது தப்பு என்பது நீங்கள் எழுதிய கேள்வி. என் காதில் விழுந்த கேள்வி வேறு: பனித்துளி என்ற சொல் ஹைக்கூவுக்குள் என்ன வேலை செய்கிறது? அதற்குத்தான் பதில் எழுதப் போகிறேன். எண்ணிக்கைக்குக் கடைசியில் வருகிறேன்.

எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று உங்களுக்குத் தெரிவதற்காக என்னைப் பற்றி இரண்டு வரி. ஜப்பானியத் தொழில்நுட்ப ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. நகானோ மாகாணத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். அதில் ஆறு வருடம், ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் குகாய்க்குப் போய்வந்தேன். குகாய் என்பது ஹைக்கூ எழுதுகிறவர்கள் கூடும் கூட்டம். எழுதியதைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் கொடுக்க வேண்டும். சீட்டுகளைக் கலைத்து, கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி வேறொருவர் படியெடுப்பார். எல்லோரும் தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, உரக்க வாசித்த பிறகுதான் எழுதியவர் வாயைத் திறக்கலாம். ஆறு வருடத்தில் எனக்கு விழுந்த வாக்குகளை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். ஆகவே கவிஞனாக நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மொழி, பருவச்சொல், பழைய கவிதைகள் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். ஜப்பானியத்தில் பனித்துளிக்குச் சொல் ‘த்சுயு’. மழைக்காலத்துக்கும் இதே ஒலிதான், எழுத்து வேறு. அது கோடைக்குரிய சொல், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹைக்கூ மரபில் கிகோ என்னும் பருவச்சொற்களுக்கு அகராதியே உண்டு. சாய்ஜிகி என்பார்கள். அதில் த்சுயு, இலையுதிர்காலத்தின் கீழ், நிலா, காற்று, பால்வீதி இவையெல்லாம் இருக்கும் வானியல் பகுதியில் இருக்கிறது. ‘நிலா’ என்று மொட்டையாகச் சொன்னால் இலையுதிர்கால நிலா என்று எடுத்துக்கொள்வதைப் போல, ‘பனித்துளி’ என்று மட்டும் சொன்னால் அது இலையுதிர்காலப் பனித்துளி. வேறு பருவத்துப் பனி என்றால் ‘கோடைப் பனி’ என்று அடைமொழி போட்டுச் சொல்ல வேண்டும். ஆக, நீங்கள் பனித்துளி என்று எழுதிய கணமே காலம், தட்பவெப்பம், பொழுது எல்லாம் எழுதியாகிவிட்டது. மீண்டும் ‘இலையுதிர்காலக் காலையில்’ என்று எழுதுவது, கல்யாணப் பத்திரிகையில் ‘இது கல்யாணப் பத்திரிகை’ என்று அச்சடிப்பதைப் போல.

ஏன் இலையுதிர்காலம் என்பதற்கு இயற்கையே காரணம் தருகிறது. பனித்துளி மேலிருந்து விழுவதில்லை. இரவில் மேகமில்லாமல், காற்று அசையாமல் இருந்தால் தரையும் புல்லும் தம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிட்டுப் போகும். சுற்றியுள்ள காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராகப் படியும். மேகம் போர்வை மாதிரி. அது இருந்தால் புல் அவ்வளவு குளிராது. ஜப்பானில் ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் வரும்போது கோடையின் ஈரம் காற்றில் இன்னும் பாக்கியிருக்கிறது. இரவு நீளத் தொடங்குகிறது. வானமும் அவ்வப்போது தெளிகிறது. மூன்றும் சேர்ந்தால் நீங்கள் ஆற்றங்கரையில் பார்த்ததுதான். சீனாவிலிருந்து வந்த 24 பருவப் பிரிவுகளில் ஒன்றுக்குப் பெயரே ஹகுரோ, வெண்பனி. அது செப்டம்பர் 7 அல்லது 8-இல் தொடங்கும். அடுத்த மாதம் 8-ஆம் தேதி வாக்கில் கன்ரோ, குளிர்பனி. வருடத்தை 72 கூறாக இன்னும் நுணுக்கிய கணக்கும் உண்டு. அதில் ஹகுரோவின் முதல் ஐந்து நாளுக்கு ‘புல்மேல் பனி வெளுக்கிறது’ என்று பெயர்.

இந்த ‘வெளுக்கிறது’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். பனி ஏன் வெள்ளை? பொடிப்பொடியான ஆயிரம் துளிகள் இலைப் பரப்பு முழுக்கப் படிந்து ஒளியைச் சிதறடிப்பதால் புல்வெளி சாம்பல் பூசியதுபோல வெளுத்துத் தெரிகிறது. பெயர் வைத்தவர்கள் குனிந்து பார்த்திருக்கிறார்கள். மாறாக, புல்லின் கூர்நுனியில் தனியாக ஒரே ஒரு பெரிய துளி மணி போல் நிற்கிறதே, நாம் எல்லோரும் கவிதையில் ‘முத்து’ என்கிறோமே, அது பெரும்பாலும் பனியே அல்ல. இரவில் வேர் உறிஞ்சித் தள்ளிய நீர் இலை நுனியிலுள்ள துளை வழியே கசிந்து நிற்பது. விரலால் நுனியைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள், அதே இடத்தில் மறுபடி ஊறும். தமிழில் ஹைக்கூத் தொகுப்புகள் வரத் தொடங்கிய 1984-லேயே அறிவுமதியின் தொகுப்பு ‘புல்லின் நுனியில் பனித்துளி’ என்ற தலைப்போடு வந்தது. அந்தப் படிமம் நம்மிடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது. கவிதைக்குத் தாவரவியல் பரீட்சை வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வெண்பனி, நுனித்துளி இரண்டும் இரண்டு காட்சிகள் என்று தெரிந்த பிறகு, நீங்கள் பார்த்தது எது என்று உங்களையே கேட்டுக்கொள்ள முடியும் அல்லவா?

அடுத்தது ‘இலையுதிர்காலம்’ என்ற நம் சொல். வேறு சொல் இல்லாததால் நானும் அதையே பயன்படுத்துகிறேன், ஆனால் அது ஆளை ஏமாற்றும். ஹைக்கூவின் ‘அகி’ இலை உதிர்வதில் தொடங்குவதில்லை. ஆகஸ்ட் 7 அல்லது 8-இல் வரும் ரிஷ்ஷூ என்னும் பருவப் பிறப்பு நாளன்று தொடங்கி, நவம்பர் 7 வாக்கில் குளிர்காலம் பிறக்கும் வரை நீள்கிறது. இலை சிவப்பது அதன் கடைசி மூன்றிலொரு பங்கில்தான். ஆகஸ்ட் 8-இல் சைத்தாமாவில் வெயில் எப்படி அடித்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்! அதனால்தான் இலையுதிர்காலத் தொடக்கத்துக்குரிய பருவச்சொற்களில் ‘ஸன்ஷோ’ ஒன்று, மீந்த வெப்பம் என்று பொருள். தர்ப்பூசணியும் மரபுப்படி இந்தக் கணக்கில்தான் வரும். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட கொகின்ஷூ என்னும் பாடல் தொகுப்பில், ரிஷ்ஷூ அன்று பாடியதாகப் புஜிவாரா நோ தொஷியுகியின் பாட்டு ஒன்று உண்டு. இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை, காற்றின் ஓசையில்தான் திடுக்கிட்டேன் என்கிறது அது. ஜப்பானியர் ‘இலையுதிர்காலத் தொடக்கம்’ என்னும்போது கண்ணுக்கு இன்னும் எட்டாத இந்த மாற்றத்தைத்தான் சொல்கிறார்கள். உங்கள் மற்ற ஹைக்கூக்களில் மூன்று இடத்தில் சருகு உதிர்கிறது. செப்டம்பர் முதல் வாரத்தில் எந்த மரத்திலிருந்து உதிர்ந்தது?

நமக்கு இன்னொரு தடையும் உண்டு. தமிழன் மனதில் பனிக்கு மாதம் மார்கழி. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற கணக்கில் பனி விழுவது கூதிர் முடிந்த பிறகு. அதுவும் மேலே சொன்ன அதே இயற்கைதான்: ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் மேகப் போர்வை. அது விலகி, மண்ணில் ஈரம் மிச்சமிருக்க, வானம் தெளியும் மார்கழி, தையில் பனி. இரண்டு நாட்டிலும் ஈரமான பருவத்தின் வால் பிடித்துத்தான் பனி வருகிறது. நாட்காட்டியில் மட்டும் மூன்று நான்கு மாத இடைவெளி. போதாக்குறைக்கு, ‘பனி’ என்ற ஒரே சொல்லில் துளி, மூடுபனி, உறைபனி, இமயமலைப் பனி எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறோம். ஜப்பானியத்தில் இவை நான்கும் நான்கு சொல். மூடுபனி ‘கிரி’, உறைபனி ‘ஷிமோ’, விழும் பனி ‘யுகி’, பருவமும் ஒன்றல்ல. ஆகவே தமிழில் எழுதும்போது ‘பனி’ என்று மட்டும் எழுதினால் சைத்தாமாவின் செப்டம்பர் வாசகனுக்குப் போய்ச் சேராது. அவன் மனதில் கோலமும் திருப்பாவையும் வந்து நிற்கும். அது குறையல்ல, அதற்கேற்ப எழுத வேண்டும், அவ்வளவுதான். நிலத்துக்கும் பெரும்பொழுது, சிறுபொழுதுக்கும் உணர்ச்சியை முடிச்சுப் போட்டு, மாலை என்றாலே முல்லை, வைகறை என்றாலே மருதம் என்று இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. பருவச்சொல் என்ற எண்ணம் நமக்கு அந்நியமானதல்ல.

இனி உங்கள் மூன்றாவது வரிக்கு வருகிறேன். நோய் அங்கேதான். ‘வாழ்வும் இதுதான்.’ பனித்துளியை நிலையாமைக்குச் சொல்வது ஜப்பானில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம். வச்சிரச்சேதிகா என்னும் பௌத்த சூத்திரத்தின் கடைசிச் செய்யுள் உலகப் பொருளையெல்லாம் கனவு, மாயை, குமிழி, நிழல், பனித்துளி, மின்னல் என்று அடுக்குகிறது. அரசவைக் கவிஞர்கள் பனியைக் கண்ணீருக்கும் உயிருக்கும் ஈடாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்தார்கள். 1598-இல் தொயொதோமி ஹிதெயோஷி சாகும்போது விட்டுச்சென்ற பாட்டு, பனித்துளியாய் விழுந்து பனித்துளியாய் மறையும் இந்த உடம்பு என்றுதான் தொடங்குகிறது. நாட்டையே கட்டியாண்டவன் வாயிலும் அதே உவமை! ஹைக்கூவின் முன்னோடி பாஷோ (1644–1694) எழுத வரும்போது அந்தச் சொல் மூட்டை கனத்துக் கிடந்தது. அதன்மேல் நீங்கள் இன்னொரு முறை ‘வாழ்வு’ என்று எழுதி ஏற்றுகிறீர்கள். பெரிய ஹைக்கூக் கவிஞர்கள் செய்தது இறக்கி வைக்கிற வேலை. துளியை மறுபடி தண்ணீராக்கினார்கள்.

பாஷோவிடமே பாருங்கள். “அசத்சுயு நி / யொகொரெதெ சுஸுஷி / உரி நோ தொரோ” — காலைப் பனியில் நனைந்து, அழுக்காக, குளுகுளுவென்று, முலாம்பழத்தின் மேல் சேறு. 1694-இல், அவர் இறந்த வருடம் எழுதியது. நிலையாமையும் இல்லை, முத்தும் இல்லை. பழத்தில் ஒட்டிய சேறு. இதில் வேடிக்கை, காலைப்பனி இலையுதிர்காலச் சொல், ஆனால் குளுமையும் முலாம்பழமும் கோடைச் சொற்கள். அதனால் அகராதிகள் இதைக் கோடைக் கவிதையாகவே வைக்கின்றன. பருவச்சொல் விதி பெரியவர்கள் கையில் எவ்வளவு நெகிழும் என்பதற்கும் இதுவே சாட்சி. இதற்கு, பழத்தைத் தடவிப் பார்க்கிற இன்னொரு பாடமும் இருக்கிறது. இணையத்தில் இரண்டும் உலவும், எது ‘சரி’ என்று சண்டை போடத் தேவையில்லை, அவர் திருத்திக்கொண்டே இருந்த ஆள்.

இன்னொன்று 1689-இல், நீண்ட வட ஜப்பான் பயணத்தில். கூடவே நடந்துவந்த சீடர் சொரா வயிற்று நோயால் யமனகா வெந்நீரூற்றில் பிரிந்து முன்னே போகிறார். யாத்திரிகர் தொப்பியில் ‘இருவராய்ச் சேர்ந்து வழிநடக்கிறோம்’ என்று எழுதிக்கொள்வது வழக்கம். இன்றிலிருந்து அந்த எழுத்தை அழித்துவிடும், தொப்பியின் மேல் பனி என்கிறார் பாஷோ. கண்ணீர் என்றும் படிக்கலாம், மரபு அப்படித்தான் படிக்கிறது. ஆனால் கவிதையில் நடப்பது ஈரம் பட்டு மை கரைவது மட்டும். நட்பைப் பற்றியோ பிரிவைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது.

பூசோன் (1716–1784) ஓவியர். அவருடையது “ஷிரத்சுயு யா / இபரா நோ ஹரி நி / ஹிதொத்சு ஸுத்சு” — வெண்பனி. காட்டுரோஜாவின் முள்ளுக்கு முள் ஒவ்வொரு துளி. முள்ளையும் துளியையும் வைத்து நாமாக இருந்தால் துன்பம், இன்பம் என்று ஆரம்பித்திருப்போம். அவர் எண்ணுகிறார், நிறுத்திவிடுகிறார். ‘ஒவ்வொன்று’ என்ற அந்தக் கணக்குப்பிள்ளைச் சொல்தான் கவிதை.

விதிக்கு மாறாகத் தோன்றுவது இஸ்ஸா (1763–1828). அவரை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள், உங்கள் மூன்றாம் வரி அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். நகானோவின் வடக்கு மூலையில் காஷிவபரா அவர் ஊர். நான் இருந்த இடத்திலிருந்து ரயிலில் போய்வரலாம். ஐம்பதைத் தாண்டித்தான் கல்யாணம். முதல் ஆண் குழந்தை ஒரு மாதம் கூடத் தங்கவில்லை. அடுத்துப் பிறந்த சாத்தோ என்ற பெண், 1819-இல், ஒரு வயது கடந்த நிலையில் பெரியம்மையில் போனாள். அப்போது எழுதியது: “த்சுயு நோ யோ வா / த்சுயு நோ யோ நகரா / சரி நகரா.” நான் தமிழில் இப்படி வைப்பேன்: பனித்துளி உலகம் / பனித்துளி உலகம்தான் என்றாலும் / அப்படி என்றாலும். ‘நகரா’ என்பது நம் ‘என்றாலும்’. அது இரண்டாம் வரிக் கடைசியிலும் மூன்றாம் வரிக் கடைசியிலும் வருகிறது. மூன்றாம் வரி புதிதாக எதையும் சொல்லவில்லை என்பதுதான் அதன் உயிர். உலகம் பனித்துளி என்று பௌத்தம் சொல்கிறது, இஸ்ஸாவுக்கு அது மனப்பாடம், ஏற்கவும் ஏற்கிறார். ஏற்ற பிறகும் தொண்டையில் ஒன்று நிற்கிறது. அந்த ஒன்றுக்குப் பெயர் வைக்காமல் வாக்கியத்தை முடிக்காமலே விட்டுவிடுகிறார். இதை மத நம்பிக்கையின் மறுப்பு என்று படிப்பவர்கள் உண்டு, நம்பிக்கையாளனின் அழுகை என்று படிப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி; ஆனால் இது படிப்பவர் மனதைப் பொறுத்தது, மொழியை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. எனக்கு நிச்சயமாகத் தெரிவது ஒன்று: உங்கள் ‘வாழ்வும் இதுதான்’ எங்கே முடிகிறதோ அங்கேதான் இஸ்ஸா தொடங்குகிறார். அவருக்கு அது கவிதையின் முடிவல்ல, முதல் வரி.

இருபதாம் நூற்றாண்டிலும் பனியை விடவில்லை. கவாபாத்தா போஷா என்பவர் (1897–1941) முதலில் ஓவியம் படித்து, முதுகெலும்புக் காசநோயில் விழுந்தவர். பனி பற்றி அவ்வளவு எழுதியதால் ‘பனியின் போஷா’ என்றே பெயர். “கொங்கோ நோ / த்சுயு ஹிதொத்சுபு யா / இஷி நோ உஎ.” இதை ‘கல்லின் மேல் வைரம் போன்ற ஒரு துளி’ என்று பெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சொதப்பல் என்பேன். கொங்கோ நகைக்கடை வைரமல்ல, பௌத்தத்தின் வஜ்ரம், எதனாலும் உடைபடாதது. நமக்கு ‘வச்சிரம்’ என்ற சொல் கையிலேயே இருக்கிறது: வச்சிரப் பனித்துளி / ஒன்றே ஒன்று / கல்லின் மேல். ஆயிரம் ஆண்டாக ‘அழிவது’ என்று பொருள்பட்ட சொல்லின்மேல் ‘அழியாதது’ என்ற சொல்லைத் தூக்கி வைத்துவிட்டார். ‘போன்ற’ என்று உவமை உருபு போட்டால் அந்த மோதல் செத்துப்போகும்.

ஈதா தகோத்சு (1885–1962), யமனஷி மலைநாட்டுக்காரர், 1914-இல் எழுதியது நமக்கு இன்னும் நெருங்கியது: சேம்பிலைப் பனி / தொடர்மலைகள் தம் உருவை / நேராக்கிக்கொள்கின்றன. சேப்பங்கிழங்குச் செடியேதான். அந்த இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருளும் என்பது நம் வீட்டுக் கொல்லையில் பார்த்தது. தனபதா திருநாளன்று காலையில் சேம்பிலைப் பனியைச் சேகரித்து அதில் மை அரைத்து எழுதுகிற பழைய வழக்கமும் ஜப்பானில் உண்டு. மலைகள் துளிக்குள் தெரிகின்றனவா, தூரத்தில் தெளிந்த காற்றில் நிமிர்ந்து நிற்கின்றனவா என்பதில் உரைகாரர்கள் ஒத்துப்போவதில்லை. நான் தூரத்து மலை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒரு துளியின் ஊடாகப் பார்த்தால் மலை தலைகீழாக அல்லவா தெரியும்? முதல் வாசிப்பு ஒரு தமிழனுக்கு உடனே பிடித்துப்போவதற்கு வேறு காரணம் உண்டு. ‘தினையளவு போதாச் சிறுபுல்நீர் நீண்ட பனையளவு காட்டும்’ என்று திருவள்ளுவமாலையில் ஒரு வெண்பா. கபிலர் பெயரில் இருக்கிறது; சங்கக் கபிலர்தானா என்பது ஐயமே. சிறுபுல்லில் நிற்கும் தினையளவுகூட இல்லாத நீருக்குள் முழுப் பனைமரம். சிறிய பாவின் பெருமைக்கு, குறளுக்கு, சொன்ன உவமை அது. பனித்துளியையும் குறுங்கவிதையையும் நம் ஆள் எப்போதோ முடிச்சுப் போட்டுவிட்டான்.

எண்ணிக்கைக்கு வருகிறேன், சுருக்கமாக. ஜப்பானியர் எண்ணும் ‘ஒன்’ எழுத்தும் அல்ல, அசையும் அல்ல. நம் மாத்திரைக்குக் கிட்டத்தில் வரும். ‘கொங்கோ’வில் அவர்களுக்கு கொ, ங், கோ-வுக்கு இரண்டு, மொத்தம் நான்கு. நம் கணக்கில் மூன்றரை, ஏனென்றால் நாம் மெய்க்கு அரை மாத்திரைதான் தருகிறோம். ஆக மெய்யை விட்டுவிட்டு எழுத்தெண்ணிச் செய்த உங்கள் 5-7-5 அவர்கள் செய்வதன் நகல்கூட அல்ல. வேண்டாம் என்பது என் கருத்து, கருத்து மட்டுமே. தமிழில் எண்ணி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைவிட முக்கியம் வெட்டு. ‘யா’ போன்ற வெட்டுச்சொல் கவிதையை இரண்டாகப் பிளந்து, இரண்டு துண்டுக்கும் இடையில் வாசகன் தாண்ட வேண்டிய ஒரு வாய்க்காலை விடுகிறது. உங்கள் கவிதை ஒரே வாக்கியம். அதிலும் மூன்றாம் வரி வாய்க்காலுக்குப் பாலம் போட்டு, கைப்பிடியும் வைத்துவிட்டது.

நான் உங்களைவிட மோசமாக ஆரம்பித்தவன். என் இரண்டாவது குகாயில் ‘முத்து மாலையை அறுத்தது யார்’ என்கிற மாதிரி ஒன்று கொடுத்தேன். ஒரு வாக்குக்கூட விழவில்லை. எழுதியது நான்தான் என்று தெரிந்ததும், சொபா தானியம் பயிரிடும் எழுபது வயது அம்மா ஒருவர் மரியாதையாகக் கேட்டார்: “எந்த இலையில் பார்த்தீர்கள்?” எனக்குப் பதில் இல்லை. இரவு பதினொரு மணிக்கு மேசையில் உட்கார்ந்து எழுதியது. அந்த மாதம் அவர் கொடுத்ததும் பனிதான். அதில் இருந்தது அரிவாளின் பிடி வரைக்கும் ஏறிய ஈரம் மட்டும்.

ஆகவே உங்கள் கவிதையைத் திருத்தித் தருவதற்குப் பதில், அதே கேள்வியைக் கேட்கிறேன். ஆற்றங்கரையில் எந்தச் செடி? நாணல் மாதிரி நிற்கும் சுசுகியா, கொடியாகப் படர்ந்த குஸுவா? துளி பொடியா, திரண்டதா? உங்கள் மேல் எங்கே ஈரம் பட்டது? அலுவலகத்துக்குப் போகிற வழி என்றால் ஷூ நனைந்திருக்கும். ‘வெண்பனி— / அலுவலக ஷூவில் ஒட்டிவந்த / புல்விதை’ என்று நான் இப்போது ஒன்று கட்டிப் பார்த்தேன். அந்த அம்மா இருந்திருந்தால், புல்விதையும் இலையுதிர்காலச் சொல்தானே, இரண்டு பருவச்சொல் எதற்கு என்று கேட்டிருப்பார். கேட்டது நியாயம். ஆனாலும் இதில் ஒரு நாள் இருக்கிறது, ஒரு ஆள் இருக்கிறார்.

தமிழில் எழுதியதைக் குகாய்க்குக் கொண்டுபோகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். போகலாம். உங்கள் பகுதிச் சமுதாயக் கூடத்து அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். புதியவர்களை ஆவலோடு சேர்த்துக்கொள்வார்கள், பெரும்பாலும் எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். எத்தனை கவிதை கொண்டுவர வேண்டும், அந்த மாதத் தலைப்பு என்ன என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்கடக்கமான சாய்ஜிகி பருவத்துக்கு ஒரு தொகுதியாகக் கிடைக்கும், இப்போதைக்கு இலையுதிர்காலத் தொகுதி மட்டும் போதும். உடைந்த ஜப்பானியத்தில் பெயர்த்துக் கொடுத்தாலும் பக்கத்தில் இருப்பவர் இலக்கணத்தைச் சரிசெய்து தருவார். எந்த இலை என்பதை மட்டும் அவரால் நிரப்பித் தர முடியாது.